செம்பட்டிக்கு வந்த விண்வழி

கணினி வலையமைப்பு பூமியை விட்டு விண்வெளிக்கு விரிந்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கலிபோர்னியாவின் பசடேனா நகரிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் தொடங்கிச் செவ்வாயைச் சுற்றும் கலங்களோடு முடித்துவிடுகின்றனர். அந்த வரலாற்றின் இன்னொரு முனை திண்டுக்கல் சமவெளியில் இருக்கிறது. திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, வத்தலக்குண்டுக்குச் செல்லும் சாலையில், நான்கு திசை வண்டிகளும் நின்று போகும் செம்பட்டி என்ற கூட்டுரோட்டு ஊரில், 2004 அக்டோபர் 18ஆம் நாள் ஒரு கிராம வள மையம் விண்வழி இணைப்புடன் செயல்படத் தொடங்கியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோவும் சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து அமைத்த முதல் மூன்று மையங்களுள் அது ஒன்று. காவிரிப் படுகையின் திருவையாறும் இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடமும் மற்ற இரண்டு. மூன்றையும் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் புதுதில்லியில் இருந்தபடியே காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். நெல் வயலுக்கும் கடலோரத்துக்கும் நிகராக மானாவாரி நிலத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது தற்செயலன்று. செம்பட்டியைச் சூழ்ந்த கண்ணிவாடி, ரெட்டியார்சத்திரம் பகுதிகளில் அவ்வாராய்ச்சி நிறுவனம் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேலை செய்துகொண்டிருந்தது.

ஆயினும் விண்ணிலிருந்து இறங்கிய கணினி இணைப்பு என்ற வகையில் திண்டுக்கல்லுக்குச் செம்பட்டி முதல் அனுபவமன்று. 1985 செப்டம்பரில் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது; ஏறத்தாழ அதே காலத்தில் மைய அரசின் தேசியத் தகவலியல் மையம் நாட்டின் மாவட்டத் தலைநகரங்கள் எல்லாவற்றையும் ஒரே கணினி வலைக்குள் கொண்டுவரும் நிக்நெட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. தொலைபேசிக் கம்பிகளை நம்பி அந்த வலையைக் கட்டினால் அது எந்நாளும் நிறைவேறாது என்பதை உணர்ந்த அதன் அமைப்பாளர்கள், வி-சாட் எனப்படும் சிறு தரைநிலையங்களை, அதாவது ஒரு கட்டடத்தின் மாடியில் பொருத்தக்கூடிய அளவிலான டிஷ் ஆன்டெனாவையும் அதனுடன் சேர்ந்த கருவியையும், மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நிறுவி இன்சாட் செயற்கைக்கோள் வழியாகத் தில்லியோடு இணைத்தனர். மாவட்டத் தலைநகரம் என்ற தகுதியால் திண்டுக்கல்லும் அவ்வலைக்குள் வந்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது என்பதைக் கருதினால், நகரின் தெருக்களுக்குப் பிரவுசிங் சென்டர்கள் வருமுன்பே அரசு அலுவலகத்தின் கணக்குகள் வான்வழியே போய்வரத் தொடங்கிவிட்டன எனலாம். அவ்வழியில் சென்றவை எழுத்தும் எண்ணும் மட்டுமே. மாவட்டத்துக்கு வெளியே அனுப்பப்பட்ட அந்தப் புள்ளிவிவரங்கள் யாரைப் பற்றியனவோ அவர்களுக்கு அந்த டிஷ்ஷினால் நேரடிப் பயன் ஏதும் இருக்கவில்லை. தகவல் மேலே போயிற்று, கீழே வரவில்லை. செம்பட்டி மையத்தின் வரலாற்று முக்கியத்துவம் இந்தத் திசை மாற்றத்தில் உள்ளது.

அந்த மாற்றத்துக்கு முன்மாதிரி புதுச்சேரியில் உருவானது. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் உதவியோடு வில்லியனூரை நடுவாகக் கொண்டு தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியபோது, தொலைபேசி இல்லாத ஊர்களை இணைக்க இருவழி வானொலிக் கருவிகளையும், மின்சாரம் நிலையாக வராத இடங்களில் சூரியத் தகடுகளையும் பயன்படுத்தியது. மையம் அமையும் கட்டடம் ஊரின் எல்லாச் சாதியினரும் தடையின்றி நுழையக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதையும் அது நிபந்தனையாக வைத்தது. ஒரு வலையமைப்பின் கடைசி இணைப்பு எங்கே அறுபடக்கூடும் என்பதை அறிந்தவர்கள் விதித்த நிபந்தனை அது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பு ஒலிபெருக்கியில் தமிழில் வாசிக்கப்பட்டது இத்திட்டத்தின் நன்கறியப்பட்ட காட்சி. செம்பட்டியில் அந்த முன்மாதிரிக்கு மூன்று படிகள் அமைந்தன. சென்னையில் வல்லுநர்களும் செயற்கைக்கோள் நடுநிலையமும் இருந்தன. வட்டார அளவில் விண்வழி இணைப்புள்ள வள மையம் இருந்தது. அதன்கீழ், அதிலிருந்து தகவலைப் பெற்று ஊருக்குள் கொண்டுசெல்லும் கிராம அறிவு மையங்கள் இருந்தன. வள மையத்தில் உழவர்கள் திரையின் முன் அமர்ந்து வேளாண்மை, கால்நடை வல்லுநர்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்டனர். தொலைமருத்துவமும் தொலைக்கல்வியும் அதே வழியில் நடந்தன. தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களிலிருந்து நிலம், நீர் பற்றிய வரைபடங்களை இஸ்ரோ வழங்கியது.

இந்தச் சமவெளியின் வேளாண்மைக்குத் தகவல் எந்த வேகத்தில் தேவைப்பட்டது என்பதற்குக் கண்ணிவாடிப் பகுதியின் ஒரு சிறு தொழிலே சான்று. திரைக்கோகிரம்மா என்பது கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒரு குளவி. காய்ப்புழுக்களாக வளரவேண்டிய அந்துப்பூச்சி முட்டைகளுக்குள் தன் முட்டையை இட்டு அவற்றை அழித்துவிடும். இக்குளவிகள் தங்கிய முட்டைகளை அட்டையில் ஒட்டி உழவர்களுக்கு விற்கும் தொழிலைச் சுவாமிநாதன் நிறுவனத்திடம் பயிற்சி பெற்ற மகளிர் சுய உதவிக் குழுக்கள் இங்கே நடத்தின. அட்டையைத் துண்டுகளாக்கி இலையின் அடியில் இணைத்துவிட்டால் குளவிகள் தாமே வெளிவந்து வேலையைத் தொடங்கும். ஆனால் அவை வெளிவருமுன் அட்டை வயலைச் சேர்ந்தாக வேண்டும். அந்துப்பூச்சி முட்டையிடும் அந்தச் சில நாள்களுக்குள்ளேயே சேர்ந்தாக வேண்டும். பூச்சி வந்துவிட்டது என்ற செய்தி ஒரு நாள் தாமதித்தால் பெரிய இழப்பில்லை, பத்து நாள் தாமதித்தால் அச்செய்தியால் பயனே இல்லை. நொடிக்கணக்கில் வேகம் தேவைப்படாத, ஆனால் காலாவதி உடைய இவ்வகைத் தகவலுக்குப் பின்னர் விண்வெளி வலையமைப்பின் இலக்கணத்திலேயே ஓர் இடம் கிடைத்தது.

செம்பட்டியின் டிஷ் எதற்காகத் தேவைப்பட்டது என்பதை நில அமைப்பு விளக்கும். மேற்கே பழனி மலைத்தொடரும் தென்கிழக்கே சிறுமலையும் எழுந்து நிற்கும் இச்சமவெளியில், ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்துக்கு நேர்பார்வைக் கோட்டில் செல்லவேண்டிய நுண்ணலை இணைப்புக்குக் குன்றுகள் குறுக்கே வரும். கண்ணாடி இழைக் கம்பியோ அக்காலத்தில் நகரங்களை விட்டு வெகுதூரம் நகரவில்லை. புவிநிலைச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றிவருவதால், தரையிலிருந்து பார்ப்போருக்கு வானில் ஒரே புள்ளியில் நிற்பனவாகத் தோன்றும். திண்டுக்கல் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகை சொச்சத்திலேயே இருப்பதாலும் இந்தியச் செயற்கைக்கோள்கள் நிற்கும் தீர்க்கரேகைகள் அதற்கு அண்மையில் இருப்பதாலும், இங்குள்ள டிஷ் கிடைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 70 பாகை நிமிர்ந்து, கிட்டத்தட்ட உச்சி வானத்தையே பார்க்கும். ஐரோப்பியக் கிராமம் ஒன்றில் அடுத்த வீட்டுக் கூரையோ மரமோ மறைக்கக்கூடிய இணைப்பு, இங்கே மலையடிவாரத்திலும் மறைவின்றிக் கிடைத்தது.

அதற்குரிய விலை தாமதமாக வந்தது. ஒளியின் வேகத்தில் சென்றாலும் தரையிலிருந்து செயற்கைக்கோளுக்கு ஏறி மீண்டும் தரைக்கு இறங்க ஏறத்தாழ கால் வினாடி ஆகும். கேள்வி போய் விடை வர அரை வினாடி. பேச்சில் சற்றே தடுமாறவைக்கும் இந்த இடைவெளி, இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்குப் பெரிய இடைஞ்சல். டிசிபி எனப்படும் பரிமாற்றக் கட்டுப்பாட்டு நெறிமுறை, அனுப்பவேண்டிய செய்தியைச் சிறு பொட்டலங்களாக உடைத்து அனுப்பி, அவை வந்துசேர்ந்தன என்ற ஒப்புகை மறுமுனையிலிருந்து திரும்பும்வரை ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் அனுப்பாமல் காத்திருக்கும். அதன் பழைய வடிவத்தில் அந்த அளவு 64 கிலோபைட். ஒப்புகை வர அரை வினாடி ஆகும் வழியில், எவ்வளவு அகலமான அலைவரிசையைக் கொடுத்தாலும், ஓர் இணைப்பு வினாடிக்கு ஒரு மெகாபிட் அளவைத் தாண்டாது. இதைச் சமாளிக்க அந்த அளவைப் பெருக்கும் திருத்தங்களும், வழியிலேயே ஒரு கருவி மறுமுனையின் சார்பில் ஒப்புகை கொடுத்துவிடும் உத்திகளும் செயற்கைக்கோள் வலைகளில் புகுந்தன. இரண்டாவது உத்தியைத் தூய கோட்பாட்டாளர்கள் விரும்பவில்லை. இரு முனைகள் மட்டுமே பொறுப்பேற்க, நடுவழி வெறும் வழியாக இருக்கவேண்டும் என்ற இணையத்தின் மூலக் கொள்கையை அது மீறியது என்பது அவர்கள் வாதம். மீறலே பிற்காலத்தில் கொள்கையாகியது.

சூரியனும் ஒரு தடைதான். மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாள்கள், இப்பகுதியிலிருந்து பார்க்கும்போது சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அதன் வானொலி இரைச்சல் டிஷ்ஷுக்குள் புகுந்து, ஒவ்வொரு நாளும் சில நிமிடங்கள் இணைப்பை மூழ்கடித்துவிடும். 1990களில் மாடியில் பெரிய டிஷ்களை நட்டுத் தெருத்தெருவாகக் கம்பி இழுத்த கேபிள்காரர்கள், இன்ன நேரத்துக்குப் படம் போகும் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லவேண்டியிருந்த தொல்லை இதுவே. இதே மாவட்டத்தின் மலைமுகட்டில், கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1901 முதல் சூரியன் தொடர்ந்து நோக்கப்பட்டு வருவதும், சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் இங்கே நினைவுகூரத்தக்கவை. செவ்வாய்க் கலங்களுக்கும் இதே தடை உண்டு, நிமிடங்களுக்குப் பதில் வாரங்களாக. பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்த 2015 ஜூன் மாதத்தில், இந்தியாவின் மங்கள்யான் கலம் ஏறத்தாழ இரண்டு வாரம் தரையோடு தொடர்பின்றித் தானே தன்னைக் கவனித்துக்கொண்டது.

செவ்வாய்க்கு இணையம் என்ற எண்ணம் 1998இல் உருப்பெற்றது. டிசிபி நெறிமுறையை ராபர்ட் கானுடன் சேர்ந்து வடிவமைத்த விண்ட் செர்ஃப், ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஏட்ரியன் ஹுக் முதலியோருடன் அவ்வாண்டு கோள்களிடை இணையம் என்ற ஆய்வைத் தொடங்கினார். தம் நெறிமுறை அங்கே பயன்படாது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் முடிவு. பூமிக்கும் செவ்வாய்க்கும் உள்ள தொலைவு மாறிக்கொண்டே இருப்பதால் ஒளி ஒருவழி செல்ல ஏறத்தாழ 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். 20 நிமிடம் என்று கொண்டால் ஒப்புகை வர 40 நிமிடம்; 64 கிலோபைட் அனுப்பிவிட்டு 40 நிமிடம் காத்திருக்கும் இணைப்பு, சராசரியாக வினாடிக்கு 27 எழுத்தையே கடத்தும். தவிரவும், கோள் சுழல்வதால் செவ்வாய்த் தரையிலுள்ள வண்டி பாதி நேரம் மறுபக்கம் போய்விடும். சுற்றுகலம் தலைக்குமேல் சில நிமிடங்களே இருக்கும். பூமியின் பெரிய ஆன்டெனாக்கள் பல கலங்களுக்கு நேரம் பகிர்ந்தளிப்பவை. முனைக்கு முனை அறுபடாத பாதை ஒரு கணமேனும் அமையாமலே போகலாம். அத்தகைய பாதை எப்போதும் உண்டு என்ற அனுமானத்தின் மேல்தான் தரையின் இணையம் முழுவதும் எழுப்பப்பட்டிருந்தது.

மாற்றாக அவர்கள் வகுத்த முறை, தாமதம் தாங்கும் வலையமைப்பு எனப்படுகிறது. நிலக்கோட்டையில் கட்டிய பூ மூட்டையை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புபவர், அவ்வூர்வரை நேர் பேருந்து இருந்தால்தான் அனுப்புவேன் என்று இருப்பதில்லை. கிடைத்த வண்டியில் ஏற்றித் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒருவர் இறக்கிவைத்து அடுத்த வண்டியில் ஏற்ற, ஒவ்வொரு கைமாற்றத்திலும் பொறுப்பும் கைமாறுகிறது. புதிய நெறிமுறையில் செய்தி இவ்வாறே பொதிகளாகக் கட்டப்படுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு கணினியும் பொதியை வாங்கித் தன் நினைவகத்தில் சேமித்து, அடுத்த இணைப்பு திறக்கும்வரை வைத்திருந்து அனுப்புகிறது. அது வாங்கிக்கொண்டதும் முன்னிருந்த கணினி தன் பிரதியை அழித்துவிடலாம். ஒவ்வொரு பொதியின் மேலும் அதன் ஆயுட்காலம் குறிக்கப்பட்டிருக்கும். அது கடந்துவிட்டால் பொதியைச் சுமப்பதில் பொருளில்லை என்று எந்தக் கணினியும் அதை விலக்கிவிடும். இதில் முற்றிலும் புதிதென்று சொல்ல அதிகமில்லை. 1986இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி வலையமைப்பின் முதல் ஆண்டுகளில், சென்னை ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களுக்கிடையே மின்னஞ்சல் இவ்வாறுதான், ஒரு கணினி இன்னொன்றைத் தொலைபேசியில் அழைத்து, சேர்த்துவைத்திருந்த கடிதங்களை ஒப்படைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும் முறையில், போய்வந்தது. அகல அலைவரிசை வந்தபின் பழைமை என்று தள்ளப்பட்ட முறையை விண்வெளி மீண்டும் எடுத்துக்கொண்டது.

2003ஆம் ஆண்டு இக்கதையில் ஒரு திருப்பம். இன்டெல் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கெவின் ஃபால், அவ்வாண்டின் சிக்காம் மாநாட்டில் வெளியிட்ட கட்டுரையில், கோள்களுக்காக வகுக்கப்பட்ட இம்முறை தரையிலேயே நிலையற்ற இணைப்புகளோடு இயங்கும் எல்லா வலைகளுக்கும் பொருந்தும் என்று வாதிட்டார். மறு ஆண்டு அவர் சுஷாந்த் ஜெயின், ரபின் பத்ரா ஆகியோருடன் எழுதிய கட்டுரை, தொலைதூரத் தென்னாப்பிரிக்கக் கிராமம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டது: இரவில் மட்டும் கிடைக்கும் தொலைபேசி இணைப்பு, அவ்வப்போது தலைக்குமேல் கடக்கும் தாழ்சுற்றுச் செயற்கைக்கோள், நினைவகத்தைச் சுமந்து நகருக்குப் போய்வரும் மோட்டார் சைக்கிள் ஆகிய மூன்றில், எந்தச் செய்தியை எதில் எப்போது ஏற்றுவது என்பதே அக்கட்டுரையின் கேள்வி. மோட்டார் சைக்கிள் கற்பனையென்று எண்ண வேண்டியதில்லை. கர்நாடகத்தின் தொட்டபள்ளாபுரத்தில் ஏறத்தாழ அதே காலத்தில் டாக்நெட் என்ற சோதனைத் திட்டம், பேருந்தில் வைஃபை கருவி ஒன்றைப் பொருத்தி, அது கிராமத்து மையத்தைக் கடக்கும்போது தகவலை ஏற்றிக்கொண்டு நகருக்கு வந்ததும் இறக்கும் முறையை நடத்திக்காட்டியது. விண்வெளிப் பொறியாளர்களின் சிக்கலும் கிராமத்து மையத்தின் சிக்கலும் ஒன்றே என்பது இவ்வாறு ஆய்வுலகில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஆண்டும், செம்பட்டியின் டிஷ் வானத்தை நோக்கித் திருப்பப்பட்ட ஆண்டும் 2004தான். செம்பட்டியில் பொதி நெறிமுறை பயன்படவில்லை. அங்கு ஓடியது வழக்கமான செயற்கைக்கோள் இணைப்பே. உறவு கருவியில் இல்லை, எதிர்கொண்ட சிக்கலில் இருந்தது.

ஆயினும் அந்த ஆய்வாளர்களின் தடம் இப்பகுதிக்கு மிக அருகே பதிந்தது. வத்தலக்குண்டைத் தாண்டினால் வரும் தேனி மாவட்டத்தில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையைச் சுற்றுவட்டாரத்துக் கண் பரிசோதனை மையங்களோடு, சாதாரண வைஃபை கருவிகளையே உயரமான கோபுரங்களில் ஏற்றித் திசை ஆன்டெனாக்களால் பல கிலோமீட்டர் தூரம் இணைத்தவர்கள், எரிக் புரூவர் தலைமையில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த குழுவினர். அதன் முதன்மை வடிவமைப்பாளர்களுள் ஒருவர் மேலே குறிப்பிட்ட ரபின் பத்ரா. நோயாளி தேனிக்கு வராமலே மருத்துவர் திரையில் அவரிடம் பேசித் தீர்வு சொல்லும் முறை அவ்வாறு நிலைபெற்றது. சில ஆண்டு அனுபவத்துக்குப் பின் 2008இல் அக்குழு வெளியிட்ட ஆய்வுரை, வானொலி அலையின் நுணுக்கங்களைவிட மின்சாரத்தின் தரத்தைப் பற்றியே அதிகம் கவலைப்பட்டது. மின்னழுத்தம் திடீரென எகிறிக் கருவியைச் சுடுவதும், பாதியாகத் தாழ்ந்து அதைக் குழப்பத்தில் ஆழ்த்துவதும், மின்கலம் அடிமட்டம்வரை வற்றிப் பழுதாவதும், பழுதை ஆராய அந்த ஊரில் ஆளில்லாததுமே இணைப்புகள் விழுந்ததற்குப் பெரும் காரணங்கள் என்று அது பதிவுசெய்தது. அதே 2008 முதல் சில ஆண்டுகள் தமிழகத்தில் நிலவிய நீண்ட மின்வெட்டை நினைவில் வைத்திருப்போருக்கு இந்த முடிவு வியப்பளிக்காது; திண்டுக்கல்லின் நூற்பாலைகளையும் வேடசந்தூர்ப் பகுதித் தொழிற்கூடங்களையும் ஜெனரேட்டருக்குத் தள்ளிய அதே மின்வெட்டில், கிராம மையத்தின் கணினி மட்டும் விலக்குப் பெற்றிருக்க முடியாது.

இணைப்பின் எந்தப் பகுதி எவ்வளவு பழுதுபடுகிறது என்ற விகிதத்தைத் தொலைத்தொடர்பு வரலாறுகள் சரியாகக் காட்டுவதில்லை. செம்பட்டிக்கும் சென்னைக்கும் நடுவே எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வெற்றுவெளியில் ஏறி இறங்கிய பகுதியே அவ்விணைப்பில் மிகக் குறைவாகப் பழுதுபட்ட பகுதி. வானத்தில் மின்வெட்டு இல்லை, சூரியத் தகடு பெரும்பாலான நேரம் வெயிலிலேயே நிற்கிறது, சாலை போடத் தோண்டுவோர் கம்பியை வெட்டுவதும் இல்லை. மையத்திலிருந்து ஊருக்குள் போகவேண்டிய கடைசிச் சில கிலோமீட்டர்தான் கடினமாக இருந்தது. அதைக் கடந்தவர்கள் பெரும்பாலும் மனிதர்கள்: கரும்பலகையில் விலையை எழுதியவர்கள், கூட்டத்தில் வாசித்துக்காட்டியவர்கள், பயிற்சி பெற்ற மகளிர் குழுவினர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது புதுச்சேரியின் நல்லவாடு ஊரில் உயிர்களைக் காத்ததும் அத்தகைய கடைசி இணைப்பே; சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கையை, அறிவு மையத்தின் ஒலிபெருக்கி நிமிடங்களில் ஊர் முழுதும் கேட்கச்செய்தது. பின்னாளில் இஸ்ரோ நாடெங்கும் 460க்கு மேற்பட்ட வள மையங்களை அமைத்தபோது எண்ணிக்கை பெருகிய வேகத்தில் இத்தகைய மனித இணைப்பு பெருகவில்லை. கைப்பேசி வந்ததும் பல இடங்களில் டிஷ் பயனற்றுப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

விண்வெளியில் பொதி நெறிமுறை மெல்லவே நிலைகொண்டது. 2007இல் அதன் முதல் முழு வரையறை வெளிவந்தது. 2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், ஏறத்தாழ 3.2 கோடி கிலோமீட்டர் தொலைவில் சென்றுகொண்டிருந்த நாசாவின் எபாக்சி கலத்தை இடைநிலைக் கணினியாகக் கொண்டு, படங்கள் பொதிகளாக அங்கே போய்த் திரும்பின. 2012 அக்டோபரில் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து சுனிதா வில்லியம்ஸ், ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரில் லெகோ துண்டுகளால் செய்த ஒரு சிறு ரோபோவை இந்நெறிமுறை வழியாக ஓட்டிப்பார்த்தார். 2022இல் நெறிமுறையின் ஏழாம் பதிப்பு வந்தது. அதே ஆண்டு புறப்பட்ட தென்கொரியாவின் தனூரி நிலவுக்கலம் ஒரு பாட்டுக் காணொலியை அவ்வழியே பூமிக்கு அனுப்பியது. 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட நாசாவின் பேஸ் செயற்கைக்கோளில்தான் அது சோதனை என்ற நிலையைக் கடந்து அன்றாட வேலைக்கு வந்தது.

இந்தியக் கலங்கள் இந்நெறிமுறையை நம்பி இயங்கியவை அல்ல; ஆனால் அதே நிலைமைகளைத் தம் வழியில் சமாளித்தவை. பெங்களூருவுக்கு அருகே பியாலாலுவில் 2008இல் செயல்படத் தொடங்கிய 32 மீட்டர் ஆன்டெனா அவற்றின் தரை முனை. 2014 செப்டம்பர் 24 அன்று மங்கள்யான் செவ்வாய்ச் சுற்றுப்பாதையில் நுழைந்தபோது, செய்தி ஒருவழி வர 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. எந்திரம் எரிந்த நேரத்தின் ஒரு பகுதியில் கலம் கோளின் மறைவில் வேறு இருந்தது. ஆகவே செய்யவேண்டியவற்றின் பட்டியல் பல நாள்களுக்கு முன்பே அதன் நினைவகத்தில் ஏற்றப்பட்டிருந்தது. சந்திரயான்-3 இன்னொரு படி முன்னேறியது. 2023 ஆகஸ்ட் 21 அன்று, தரையிறங்க இரண்டு நாள் இருக்கையில், அதன் இறங்குகலமான விக்ரம், 2019 முதல் நிலவைச் சுற்றிவந்த சந்திரயான்-2 சுற்றுகலத்தோடு இருவழித் தொடர்பு கொண்டது. இறங்கியபின் பிரக்யான் உலாவி பூமியோடு பேசவில்லை, பேசவும் முடியாது. அது விக்ரமிடம் சொல்ல, விக்ரம் நேராகப் பியாலாலுவுக்கோ சுற்றுகலத்தின் வழியாகவோ அதைக் கடத்தியது. சென்னை, வட்டார மையம், ஊர் என்று செம்பட்டியில் அமைந்த படிநிலையை அறிந்தவருக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது. இங்கும் எளிய கருவி அருகிலுள்ளதோடு மட்டும் பேசுகிறது, தொலைவைக் கடக்கும் சுமை வலுவுள்ளதன் மேல் விழுகிறது.

இதற்கிடையே திண்டுக்கல் சமவெளியின் இணைப்பு மீண்டும் தரைக்கு இறங்கிவிட்டது. பாரத்நெட் திட்டத்தின் தமிழகப் பகுதியை நடத்தும் டான்ஃபிநெட் நிறுவனம் மாநிலத்தின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பியைக் கொண்டுசெல்ல முனைந்தது. அக்கம்பியின் பெரும்பகுதி மின்வாரியக் கம்பங்களின் மேலேயே இழுக்கப்படுவதால், ஆத்தூர் ஒன்றியத்திலோ ரெட்டியார்சத்திரத்திலோ காற்றில் ஒரு கம்பம் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். வானத்தின் பக்கமும் வேறு வடிவம் எடுத்துள்ளது. 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எல்விஎம்-3 ஏவூர்தி, ஒன்வெப் நிறுவனத்தின் செயற்கைக்கோள்களை ஒவ்வொரு முறையும் 36 வீதம் தாழ்சுற்றுக்கு ஏற்றியது. 2025 ஜூனில் ஸ்டார்லிங்க் நிறுவனத்துக்கு மைய அரசின் தொலைத்தொடர்புத் துறை உரிமம் வழங்கியது. சில நூறு முதல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் இவற்றில் பழைய அரை வினாடித் தாமதம் மிகச் சிறிதாகிவிடுகிறது. ஆனால் ஒவ்வொன்றும் சில நிமிடங்களில் தொடுவானத்தில் மறைந்துவிடுவதால், ஓடிக்கொண்டிருக்கும் உரையாடலை அடுத்து எழும் செயற்கைக்கோளிடம் ஒப்படைத்தாக வேண்டும். எது எப்போது எழும் என்பது இயற்பியல் விதிப்படி முன்னரே கணிக்கக்கூடியது. அவ்வகையில் பாதையை வரைபடத்திலிருந்து தேடாமல் கால அட்டவணையிலிருந்து கணிக்கும் முறையை ஜெட் உந்துவிசை ஆய்வகத்தின் ஸ்காட் பர்லே கோள்களிடை இணையத்துக்காக வகுத்தார். தாழ்சுற்று வலைகளுக்கு அதை எவ்வளவு தூரம் பொருத்தலாம் என்பது இன்று வலையமைப்பு ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டுள்ள கேள்விகளுள் ஒன்று.